சர்க்கரைக்குப் பதில் உப்பு: அப்பாவின் மறதியும் நாடித்துடிப்பும்

குன்னூர் மகன்:
அப்பாவுக்கு 74. தேயிலை ஃபேக்டரியில் 31 வருஷம், தூளை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தே என்ன ரகம் என்று சொல்லிவிடுவார். போன மார்கழியில் அவரே போட்ட டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து குன்னூர் பெட்ஃபோர்டில் நின்றுகொண்டு "நம்ம ஊருக்கு எந்த பஸ்ஸுடா?" என்று போன் செய்கிறார்.

முதலில் காட்டிய இடத்தில் "வயசாச்சுல்ல" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, யாரும் கையைத் தொட்டு நாடி பார்க்கவே இல்லை. பொங்கலுக்கு வந்த அத்தை மகள், நர்ஸ், அவர் மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "மாமா, துடிப்பு தாறுமாறா இருக்கே."

ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறைகிறது, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்காம். தலை ஸ்கேனில், எங்களுக்குத் தெரியாமலே வந்துபோன சின்னச் சின்ன அடைப்புகளின் தழும்பு. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. போன ஞாபகம் திரும்பவில்லை, ஆனால் எட்டு மாசமாக மேலும் மோசமாகவில்லை.

கொடை வாசி:
எங்கள் அம்மாவுக்கு பிரஷர். மலைப்பூண்டு போதும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டார் (இங்கே எல்லா வியாதிக்கும் அதுதானே மருந்து). குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், டிசம்பர் காலையில் பார்த்தால் 170. சீட்டுக் கணக்கை மனசிலேயே போடுகிறவர், பால்காரரிடம் சில்லறை எண்ணத் தடுமாறினார். 2019-ல் வந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னார்: பிரஷரின் மேல் அளவை 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட 120-க்குக் கீழ் வைத்தவர்களுக்கு லேசான அறிவுத் தடுமாற்றம் குறைவாக வந்ததாம், டிமென்ஷியா (மறதி நோய்) குறைந்ததென்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். சரி, 120 எல்லோருக்கும் ஒத்துவராது. அம்மாவுக்கு எழுந்தால் தலை சுற்றுகிறது என்று டாக்டர் 130-ல் நிறுத்தியிருக்கிறார்.

கோத்தகிரிக்காரி:
@குன்னூர் மகன், வீட்டு பிபி மெஷினில் இதயப் படம் விட்டுவிட்டு மின்னினால் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று அர்த்தமா? மாமனாருக்கு ஒரு வாரமாக அப்படித்தான் வருகிறது. நான் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு ஈசிஜி எடுக்கக் கிளம்புகிறேன்.