ஸ்டுடியோவில் ஸ்பீக்கர் கேட்கப் போகிறேன்: எதை வைத்து முடிவு செய்வது?

வேளச்சேரி வாசி

வணக்கம். சாலிகிராமத்தில் உள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வரும் சனிக்கிழமை உயர்ரக ஸ்பீக்கர்களை ஒலிக்கச் செய்து காட்டுகிறார்கள். விற்பனையாளர் என்னையும் அழைத்திருக்கிறார். அங்கே வைக்கப்போகும் பெரிய ஜோடியின் விலை எங்கள் காரின் விலையைத் தாண்டுகிறது. நான் கேட்பது கர்நாடக இசை, பெரும்பாலும் பழைய கச்சேரிப் பதிவுகள். வீட்டில் பாட்டுக் கேட்கும் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், கூரை 10 அடி உயரம். ஸ்டுடியோவில் கேட்டதை நம்பி வாங்கலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்? மலைத்துப்போய் அங்கேயே பணத்தைக் கட்டிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

மிக்ஸிங் மேசை

கட்டாயம் போங்கள். ஆனால் அன்றைக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

எனக்கு இதுதான் தொழில். ஒலிப்பதிவாளர் உட்கார்ந்து கேட்கும் கண்ட்ரோல் ரூமில் ஸ்பீக்கரோடு அறையும் சேர்ந்து ஒலிக்கிறது. சுவருக்குள் கண்ணாடிக் கம்பளி, மூலைகளில் தாழ்ந்த ஒலியை உறிஞ்சும் பேஸ் டிராப், பின்சுவரில் ஒலியைச் சிதறடிக்கும் மரச்சட்டங்கள் என்று அந்த அறைக்கே பெரும் பணம் செலவழித்திருப்பார்கள். அதை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

உங்கள் அறைக்கு வருகிறேன். 10 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அருகே உள்ள தாழ்ந்த ஒலியின் அலை இரண்டுக்கும் இடையில் சிக்கித் தேங்கும். உங்கள் கூரையும் 10 அடி என்பதால் அதே 56இல் இன்னொரு தேக்கம் சேர்கிறது. நீளவாக்கில் 47. இந்த அளவுகளில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால் சுவரோரம் உட்கார்ந்தவருக்குக் குமுறலாகவும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அடித்தளமே இல்லாததுபோலவும் கேட்கும். விலை எவ்வளவானாலும் இதுதான் நிலை.

நீங்கள் மனப்பாடமாக அறிந்த பதிவை எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் போடும் பதிவுகள் அந்த ஸ்பீக்கருக்குப் பொருந்தி வருபவை. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய கச்சேரி மோனோவாக, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பதிவாக, இருந்தால் இன்னும் நல்லது. பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் அசையாமல் நிற்க வேண்டும். மேல்ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் எங்கோ குறை இருக்கிறது. தம்புரா மட்டும் ஒலிக்கும் முதல் சில நொடிகளைக் கவனியுங்கள்: கம்பிகளைத் தாங்கும் குதிரைமேல் சொருகிய நூல் எழுப்பும் ரீங்காரம் இழையிழையாகப் பிரிய வேண்டும். மிருதங்கத்தில், தொப்பியில் (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) கையை அழுத்தி இழுக்கும் கும்கியின் சுரம் மேலேறுவது தெரிய வேண்டும். வெறும் 'தும்' என்று அடங்கிவிட்டால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் சிறந்தது என்று தோன்றிவிடும். சத்தம் ஏற ஏறத் தாழ்ந்த ஒலிகள் நம் காதுக்கு நிறைவாகக் கேட்கின்றன. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

கோவை ரசிகை

மேலே சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்றும் செய்யுங்கள், எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேளுங்கள். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக் கேட்டபோது ஒரு மாதிரியும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு மாதிரியும் மதிப்பெண் விழுந்தது. பழகிய காதுகளும் தப்பவில்லை. உடன் வரும் நண்பரை மாற்றிப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார முடியாது, ஒலி மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

'ஸ்டுடியோவில் இருப்பது' என்ற தகுதிக்கும் மயங்காதீர்கள். உலகெங்கும் ஸ்டுடியோ மேசைகளில் இருந்த வெள்ளைக் கூம்பு யமஹா என்எஸ்-10, 1978இல் வீட்டுக்கென்று வந்த ஸ்பீக்கர். இன்பமாக ஒலிக்கும் என்பதற்காக ஒலிப்பதிவாளர்கள் அதை வைத்துக்கொள்ளவில்லை; குரலையும் கருவிகளையும் சேர்த்துக் கலந்த கலவையில் உள்ள குறைகளைக் காட்டும் என்பதற்காக வைத்துக்கொண்டார்கள்.

வேளச்சேரி வாசி

போய் வந்தேன். சொன்னபடியே மோனோ கச்சேரிப் பதிவை எடுத்துப் போனேன். தோடி ஆலாபனையின் நடுவே யாரோ தம்புராவின் ஒரு கம்பியில் மணியை நகர்த்திச் சுருதியைச் சரிசெய்கிறார். வீட்டில் அந்த இடத்தில் பாட்டு திடீரென்று இனிப்பதை மட்டும் உணர்ந்திருக்கிறேன். அங்கே அந்தக் கம்பி மெல்ல மெல்ல ஏறிவந்து மற்றக் கம்பிகளோடு ஒன்றிக் கலப்பதைத் தனியாகக் கேட்டேன். உடல் சிலிர்த்துவிட்டது.

பிறகு, அதே நிறுவனத்தின் சிறிய ஜோடியைச் சத்தம் சமமாக வைத்துக் கேட்டேன். அந்த இடம் அதிலும் அப்படியே கேட்டது. தொப்பியில்தான் வித்தியாசம், பெரியதில் கனம் கூடுதல். என் அறையில் அந்தக் கனம் எனக்கு எதிராகவே வேலை செய்யும் என்பதால் பெரியதை விட்டுவிட்டேன். சிறியதை ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கத் தருவதாக விற்பனையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கே வைப்பது?

மிக்ஸிங் மேசை

நீளவாக்கில் ஒலிக்கும்படி குறுகிய சுவரின் பக்கம் வையுங்கள். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளித் தொடங்கி, அரை அடி அரை அடியாக முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள். உங்கள் நாற்காலி நடுவில் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அப்படியே இருக்கட்டும். அளவெடுக்கும் மைக் என்னிடம் இருக்கிறது. ஸ்பீக்கர் வந்ததும் தனிச்செய்தி அனுப்புங்கள்.