ஹாக்லர் – லெனார்ட்: படம் காட்டியவருக்குத்தான் புள்ளி விழுந்ததா?

செந்தூல் சௌத்பா எழுதியது:

மிடில்வெயிட் உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை: சாம்பியன் மார்வின் ஹாக்லர் – சுகர் ரே லெனார்ட், லாஸ் வேகஸ், 1987 ஏப்ரல் 6. ஜட்ஜுகள் லெனார்டுக்குக் கொடுத்த சண்டை. இந்த வாரம் ஜிம் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பன்னிரண்டு ரவுண்டையும் முழுசாகப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு தாளில் புள்ளி போட்டோம், ரவுண்டை எடுத்தவருக்கு 10, மற்றவருக்கு 9 என்று. என் கணக்கில் ஹாக்லருக்கு 115-113. கூட்டாளிகளில் பாதிப்பேர் லெனார்ட் என்கிறார்கள், அப்புறம் மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகிற வரைக்கும் அதே பேச்சுதான், முடிவே வரவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

லெனார்ட் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ரவுண்டில் இரண்டரை நிமிடம் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார், ஹாக்லர் நெருங்கினால் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். கடைசி முப்பது வினாடி என்று அவருடைய ஆட்கள் நிற்கும் மூலையிலிருந்து குரல் வருகிறது. உடனே இரண்டு கையாலும் படபடவென்று அடிக்கிறார், அதில் பாதி ஹாக்லருடைய கிளவுஸிலும் முழங்கையிலும்தான் படுகிறது, ஆனால் கூட்டம் எழுந்து கத்துகிறது, மணி அடிக்கிறது, ஜட்ஜ் பேனாவை எடுக்கிறார். நான்காவது ரவுண்டில் கையைக் கீழேயிருந்து பெரிதாகச் சுழற்றி வயிற்றில் ஒன்று கொடுத்தாரே, அது வலித்த மாதிரியே தெரியவில்லை, ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை எல்லா வீடியோவிலும் அதுதான் வருகிறது.

ஹாக்லரோ முன்னால் போய்க்கொண்டே இருந்தார். ஐந்தாவது ரவுண்டின் கடைசியில் கீழிருந்து மேலே வந்த ஒரு அப்பர்கட்டில் லெனார்டின் கால் தடுமாறியது. ஒன்பதாவதில் கயிற்றோரம் வைத்து அடித்த அடியில் வேறு யாராவது இருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஜட்ஜ் 115-113 ஹாக்லருக்குக் கொடுத்தார், இன்னொருவர் அதே கணக்கை லெனார்டுக்குக் கொடுத்தார், அது வரை எனக்குப் புரிகிறது. மூன்றாமவர் லெனார்டுக்கு 118-110! பன்னிரண்டில் பத்து ரவுண்டு! எந்தச் சண்டையைப் பார்த்தார் அந்த மனிதர்?

சாம்பியனை வீழ்த்த வருகிறவர் சாம்பியனை அடித்துத்தானே பட்டத்தை எடுக்க வேண்டும்? ஆட்டத்துக்கும் சிரிப்புக்கும் புள்ளி உண்டா, இல்லையா? மனத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் ஜேப் எழுதியது:

லெனார்ட்தான் ஜெயித்தார், தம்பி. ஓடினார் ஓடினார் என்கிறீர்களே, எண்ணிக்கை வேறு சொல்கிறது. குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் லெனார்ட் வீசியது 629, பட்டது 306. ஹாக்லர் வீசியது 792, பட்டது 291. அதிகமாக வீசியவர் ஹாக்லர், அதிகமாகப் பட வைத்தவர் லெனார்ட். முன்னால் நடந்து போவதற்குப் புள்ளி கிடையாது, நடந்து போய் என்ன செய்தார் என்பதற்குத்தான் புள்ளி.

ஹாக்லர் தோற்றதற்கு ஜட்ஜைத் திட்டுவதற்கு முன்னால் முதல் சில ரவுண்டுகளைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க சௌத்பாவாக, அதாவது இடக்கைக்காரராக நின்று உலகத்தை மிரட்டிய மனிதர் அன்றைக்கு ஏன் வலக்கைக்காரர் மாதிரி நின்றார்? அந்த ரவுண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். நெருக்கமான சண்டையில் மூன்று ரவுண்டை முதலிலேயே விட்டுக்கொடுத்தால் பிறகு ஒன்பதில் ஏழு எடுத்தால்தான் 115-113 வரும், லெனார்ட் மாதிரி ஆளிடம் அது நடக்கிற காரியமா?

சண்டைக்கு முந்திய பேரத்தையும் மறக்கக்கூடாது. பதினைந்து ரவுண்டு வேண்டாம் பன்னிரண்டு போதும், ரிங் இருபது அடி இருக்க வேண்டும், கிளவுஸ் பத்து அவுன்ஸ் இருக்க வேண்டும் என்று லெனார்ட் தரப்பு கேட்டது, கூடுதல் பணத்துக்காக ஹாக்லர் தரப்பு எல்லாவற்றுக்கும் சரி என்றது. ஓடுகிறவருக்கு இடத்தையும் கொடுத்து, நேரத்தையும் குறைத்துக் கொடுத்தால் அவர் ஓடத்தான் செய்வார். 1984 மே மாதத்துக்குப் பிறகு ஒரு சண்டைகூடப் போடாமல், கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர், மிடில்வெயிட்டில் ஏறிவந்து ஹாக்லரோடு பன்னிரண்டு ரவுண்டு நின்றார். அதைப் படம் காட்டுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்துமலை ஸ்கோர் கார்டு எழுதியது:

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கேள்விக்கு நேரான பதில் இன்னும் வரவில்லை.

ஜட்ஜ் பார்க்க வேண்டியது நான்கு விஷயம்: சுத்தமாகப் படும் குத்து, பலன் தரும் முன்னேற்றம், தற்காப்பு, ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. இதில் சிரிப்பு, நடனம், கையைச் சுழற்றுவது எதுவும் இல்லை. ஆனால் அந்த நான்காவது இருக்கிறதே, ரிங்கை யார் ஆள்கிறார் என்பது, அந்தக் கதவு வழியாகத்தான் எல்லாம் உள்ளே நுழைகிறது. எதிராளியைத் தன் இஷ்டத்துக்கு நடக்க வைப்பது ஆளுமை. ஒன்றும் நடக்காதபோது நடப்பதுபோல் காட்டுவது நடிப்பு. ரிங்கோரம் உட்கார்ந்து பார்க்கும்போது, அதுவும் பதினைந்தாயிரம் பேர் ஒரு பெயரையே கத்திக்கொண்டிருக்கும்போது, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை.

இன்னொன்று. மூன்று ஜட்ஜும் ரிங்கின் மூன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு டிவியில் நல்ல கோணம் கிடைக்கும், ரீப்ளே கிடைக்கும். அவர்களுக்குச் சில நேரம் ஒரு வீரரின் முதுகுதான் தெரியும், கிளவுஸில் பட்டதா தாடையில் பட்டதா என்று தலை அசைவை வைத்து யூகிக்க வேண்டும். அதனால் 115-113 இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் நான் கோபப்பட மாட்டேன். 118-110க்கு எந்தக் கோணமும் சாக்கு ஆகாது. 2017 செப்டம்பரில் கனேலோ – கொலோவ்கின் முதல் சண்டையில் அதே 118-110 கனேலோவுக்கு வந்ததே, மற்ற இரண்டு கார்டும் 115-113 கொலோவ்கினுக்கு, 114-114 சமம். சண்டை டிரா ஆனது. அந்த ஒரு கார்டு இல்லையென்றால் கொலோவ்கின் ஜெயித்தே இருக்கலாம்.

படம் காட்டாத சண்டையிலும் குளறுபடி வரும். 2004ல் பாக்கியாவ் – மார்க்கெஸ் முதல் சண்டை. முதல் ரவுண்டிலேயே மார்க்கெஸ் மூன்று முறை விழுந்தார். விழும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி குறையும் என்பதால் இரண்டு ஜட்ஜ் 10-6 போட்டார்கள், ஒருவர் 10-7 போட்டார். அவருடைய மொத்தக் கணக்கு 113-113, சண்டை டிரா. அவரும் 10-6 போட்டிருந்தால் பாக்கியாவ் அன்றைக்கே ஜெயித்திருப்பார். அங்கே நடனமும் இல்லை சிரிப்பும் இல்லை, ஒரே ஒரு புள்ளிதான். எனக்கு லெனார்டின் முப்பது வினாடியைவிட இந்த மாதிரித் தவறுதான் அதிகமாக வயிற்றெரிச்சல் தருகிறது.

செந்தூல் சௌத்பா எழுதியது:

பட்டர்வொர்த் அண்ணே, முதல் ரவுண்டுகள் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அவற்றை நானும் லெனார்டுக்குத்தான் போட்டேன். அப்படிப் போட்டும் ஹாக்லர் மேலே வந்தார் என்பதுதான் என் வாதம்.

ஸ்கோர் கார்டு அக்கா, ஒன்று கேட்கிறேன். 2024 மே மாதம் உசிக் – ஃபியூரி ஹெவிவெயிட் சண்டை. ரியாத்தில் நள்ளிரவு தாண்டி நடந்ததால் நமக்கு ஞாயிறு காலை ஆறு மணி வாக்கில் வந்தது, பசியாறுவதற்கு முன்னாலேயே பார்த்து முடித்தோம். ஃபியூரி முதல் ரவுண்டிலேயே மூலையில் சாய்ந்து நின்று வா வா என்று கூப்பிட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நடு ரவுண்டுகளில் நன்றாக அடித்தார், அதை மறுக்கவில்லை. ஒன்பதாவதில் உசிக் அவரை ரிங் முழுக்கத் தள்ளாட வைத்தார், கயிறு தாங்கியதால் ஃபியூரி விழவில்லை, ஆனால் விழுந்ததாகவே கணக்கில் வைத்து ரெஃப்ரி எண்ணினார். 115-112, 114-113 உசிக்குக்கு, 114-113 ஃபியூரிக்கு. அந்த எண்ணிக்கை மட்டும் இல்லாமல் ரவுண்டு 10-9 என்று போயிருந்தால் மூன்று கார்டையும் கூட்டிப் பாருங்கள், டிரா! பாதி ரவுண்டு வேடிக்கை காட்டியவர் தன் பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆயர் ஈத்தாம் பெரியவர் எழுதியது:

தம்பி, நீங்கள் எல்லோரும் லெனார்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவருடைய மூலையில் அன்றைக்கு யார் நின்றார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆஞ்சலோ டண்டி. முகம்மது அலியின் மூலையில் அத்தனை வருஷம் நின்ற அதே டண்டி.

அலி இந்த வித்தையை எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். 1975 ஜூலை 1, நம் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் அலி – ஜோ பக்னர். பதினைந்து ரவுண்டும் போனது, அலி மூன்று கார்டிலும் ஜெயித்தார். எங்கள் அப்பா இங்கிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அலியை நேரில் பார்த்த சந்தோஷம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை, ஆனால் சண்டையைப் பற்றிக் கேட்டால் பக்னர் மேல் கோபம்தான் வரும். புழுக்கத்தில் பக்னர் கையை மேலே தூக்கி மறைத்துக்கொண்டே நின்றார், ஜெயிக்க ஒரு முயற்சிகூட இல்லை. அங்கே அலி எவ்வளவு ஆடியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அந்த மாதிரிச் சண்டையில் ஆட்டம் வெறும் அலங்காரம்.

அடுத்த வருஷம் 1976 செப்டம்பரில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் கென் நார்ட்டனோடு மூன்றாவது சண்டை. அதுதான் உங்கள் ஹாக்லர் சண்டைக்கு அண்ணன். நார்ட்டன் உடம்பில் அடித்துக்கொண்டே முன்னேறினார், அலி ஜேப் போட்டு (முன்கையால் நேராகக் குத்தி) நகர்ந்து நகர்ந்து, சரமாரி அடித்து, கூட்டத்தை எழுப்பி ரவுண்டு ரவுண்டாகப் பொறுக்கினார். கடைசி ரவுண்டுக்கு முன் நாம்தான் முன்னால் இருக்கிறோம் என்று நார்ட்டனுடைய மூலையில் சொல்லிவிட்டார்கள், அவர் அடக்கி வாசித்தார், அலி அந்த ரவுண்டை எடுத்துக்கொண்டார். இரண்டு ஜட்ஜும் 8-7 கொடுத்தார்கள். அந்த ஒரு ரவுண்டு நார்ட்டனுக்குப் போயிருந்தால் பட்டமும் போயிருக்கும். அலி என் உயிர், ஆனாலும் அந்தச் சண்டையை நான் நார்ட்டனுக்குத்தான் கொடுப்பேன்.

ஆட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிராளியின் நிதானத்தைக் கெடுத்தால் அது ஆயுதம், ஜட்ஜின் கண்ணை மட்டும் இழுத்தால் புள்ளி கொடுக்கக்கூடாது. 2001 ஏப்ரலில் நசீம் ஹமீது அத்தனை ஆட்டத்தோடும் பரேராவிடம் போனார், பரேரா எதற்கும் அசையாமல் ஜேப்பும் வளைத்து அடிக்கும் ஹூக்குமாகப் பன்னிரண்டு ரவுண்டு பாடம் எடுத்தார், மூன்று கார்டும் பரேராவுக்கு. எதிராளி மயங்காவிட்டால் ஆட்டத்துக்கு விலை இல்லை. ஹாக்லர் மயங்கினாரா? நான் பார்த்தவரை மயங்கினார், அதுதான் வேதனை. லெனார்ட் சீண்டச் சீண்ட இவர் திருப்பித் திட்டிக்கொண்டு, காலால் ரிங்கை மறிக்காமல் நேராகப் பின்னாலேயே துரத்தினார். 2018 ஜூலையில் புக்கிட் ஜாலிலில் பாக்கியாவ், மத்தீசேயை எப்படி அடைத்துவைத்து அடித்தார்? மூன்றாவதில், ஐந்தாவதில், ஏழாவதில் விழ வைத்து முடித்தார், ஜட்ஜுக்கு வேலையே இல்லை.

என் கார்டில் லெனார்டுக்கு 115-113. ஐந்தாவது, ஒன்பதாவது இரண்டையும் ஹாக்லருக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். பதினொன்றாவதை நீங்கள் யாருக்குப் போட்டீர்கள், தம்பி? அதைச் சொல்லுங்கள், நம் இரண்டு பேருக்கும் வித்தியாசமான இரண்டு ரவுண்டில் ஒன்று அங்கேதான் இருக்க வேண்டும்.

செந்தூல் சௌத்பா எழுதியது:

ஹாக்லருக்கு, ஐயா. சத்தத்தை நிறுத்திவிட்டு இன்றைக்கு ராத்திரி அந்த ரவுண்டை மட்டும் மறுபடி பார்க்கிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.