பிர்ச் தார் மற்ற மணங்களை விழுங்குகிறது, வழி உண்டா?

பிர்ச் மரப்பட்டையைக் கருக்கி எடுக்கும் தார் எண்ணெயை ஏற்றிப் பதனிட்ட ரஷ்யத் தோலான யுஃப்டின் மணத்தை வைத்து, கதைபோல நகரும் வாசனை ஒன்று கலக்கிறேன்: முதலில் சமோவார் (ரஷ்யத் தேநீர்க் கொதிகலம்) தேநீர், பிறகு தோல், கடைசியில் பனிக்காடு. சிக்கல், 10 நிமிடத்திலேயே தார்ப்புகை ஏறித் தேநீரை அமுக்கிவிடுகிறது.

மொத்தம் 30 மி.லி., அதில் மணக்கலவை 15%, கரைக்க 96% எத்தனால், 5 வாரம் ஊறியது. சுத்திகரித்த தார்தான், கச்சாத் தாருக்கு இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) தடை. மணக்கலவையில் தார் 1% இருந்ததை 0.3% ஆக்கினேன். புகை அடங்கியது, கூடவே தோலும் போனது. தோல் மணம் தரும் செயற்கைப் பொருளான ஐசோபியூட்டைல் குயினோலின் 0.5% சேர்த்தால் கசப்பான பச்சை நெடி. லாப்டனம் என்ற செடிப் பிசினை 6% வரை ஏற்றியதில் இனிப்புதான் மிச்சம். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தோல் எண்ணெயைக் கூட்டியும் பயனில்லை, அது எப்படியும் சீக்கிரம் பறந்துவிடும்.

தாரை 0.3%-லேயே நிறுத்தி, தோல் மணத்தை இரண்டாம் மணி நேரத்தில் எழவைக்க எதை, எவ்வளவு சேர்க்கலாம்?