முட்டம் வீட்டார் குழு: ஜெனியின் மலை

வியாழன்

ஜெனி, இரவு 9.05
சனிக்கிழமை விடுப்பு கிடைத்துவிட்டது. மருத்துவமனைத் தோழிகள் மூவரும் நானும் வைஸ்மீஸ் மலைக்குப் போவதாகப் பேச்சு. இங்கே சுவிட்சர்லாந்தின் சாஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 4,000 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய சிகரம்.

அம்மா, 9.07
மழைக்காலத்தில் மருத்துவாழ்மலையில் ஏறவே உனக்கு நான் சம்மதம் கொடுத்ததில்லை.

ஆன்றோ, 9.08
அந்த நாட்டில் மாடுகளே மலையில்தான் மேய்கின்றன, அம்மா.

அம்மா, 9.08
மாட்டுக்கு நாலு கால்.

ஜெனி, 9.12
ஏறுவதா வேண்டாமா என்பது இல்லை, எந்தப் பக்கமாக ஏறுவது என்பதில்தான் குழப்பம். வடமேற்கு முகத்தில் டிரிஃப்ட் பனியாறு வழியாக ஒரு பாதை. அதற்கு ரோப் கார் 3,100 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். தென்கிழக்கில் பாறை முகடு வழியாக இன்னொரு பாதை. அதற்கு முந்தைய நாளே நடந்து அல்மாகெல் குடிலில் தங்க வேண்டும். தோழிகளுக்கு ரோப் கார் பிடித்திருக்கிறது. எனக்குக் கால்கள் அங்கேயும் மனம் இங்கேயுமாக இருக்கிறது.

ஷைனி, 9.20
அக்கா, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கிறது, அவருக்கும் பொழுது போகவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இலக்கணம் மட்டும் என்னுடையது.

பெரியப்பா (ஷைனி எழுதியது), 9.24
மக்கா, பனி கடைசியாக எப்போது விழுந்தது? அன்றைக்குக் காற்று எந்தத் திசை?

ஜெனி, 9.31
பெரியப்பா, நீங்கள் நேரே மடியைப் பிடித்துவிட்டீர்கள். நேற்று, புதன்கிழமை, 3,500 மீட்டருக்கு மேலே முழங்காலுக்குக் கீழ்வரை புதுப்பனி. காற்று வடமேற்கிலிருந்து. காற்று அடிக்கும் பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் முகட்டுக்கு மறுபுறம், அதாவது தென்கிழக்கில், கொட்டியிருக்கும். அப்படிக் குவிந்த பனி பலகை போல இறுகிக் கிடக்கும், ஆனால் அடியில் உள்ள பழைய பனியோடு ஒட்டியிருக்காது. மேலே ஆள் மிதித்தால் பலகை முழுவதுமாக உடைந்து சரியும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சரிவைத் தாங்களோ தங்கள் கூட்டத்தாரோ கிளப்பிவிட்டவர்கள்தான் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

ஆன்றோ, 9.33
அப்படியானால் வடமேற்குப் பக்கமே நல்லதல்லவா? காற்று அங்கே துடைத்துவிட்டதே.

ஜெனி, 9.38
அங்கே வேறு கதை. அது பனியாறு, உள்ளே பிளவுகள். புதுப்பனி பிளவின் வாயை மூடிவிட்டால் மேலே நிற்கிறவனுக்குத் தரைதான் தெரியும். அதைப் பனிப்பாலம் என்போம். இறுகி உறைந்திருந்தால் நம்மைத் தாங்கும். வெயில் ஏறி நொய்ந்துவிட்டால் தாங்காது. மேலே பெரிய ஐஸ் கோபுரங்கள் தொங்குகின்றன. அவை காலை, மாலை எதையும் பார்க்காது, நினைத்தபோது விழும்.

அம்மா, 9.40
இத்தாலியில் ஒரு பனிமலை உடைந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேனே.

ஜெனி, 9.43
மார்மொலாடா. 2022 ஜூலை 3. பதினொரு பேர் இறந்தார்கள். முந்தைய நாள் அதன் உச்சியில் 10 டிகிரி வெப்பம். பனியாற்றின் ஒரு பகுதி அப்படியே பிய்ந்து வந்தது. அம்மா, இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அம்மா, 9.44
மறைத்திருக்கலாம்.

பெரியப்பா (ஷைனி எழுதியது), 9.52
ஐஸ் கம்பெனியில் நான் இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். நொறுக்கிய ஐஸைப் பெட்டியில் கொட்டியவுடன் கையை விட்டால் முழங்கை வரை போகும். கொஞ்சம் உருகி, ராத்திரி குளிரில் மறுபடி இறுகினால், காலையில் கடப்பாரை போட்டுத்தான் உடைக்க வேண்டும். பத்து மணிக்கு மூடியைத் திறந்து வைத்தால் மறுபடி சகதி. ஐஸ் ஒன்றுதான், நேரம்தான் வேறு. உங்கள் மலையிலும் இப்படித்தானா?

ஜெனி, 9.55
இதை எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளருக்கு ஒரு நாள் ஆயிற்று, பெரியப்பா.

ஜெனி, 9.59
அதனால்தான் நள்ளிரவுக்கு மேல் புறப்படுவோம். இரவில் இறுகிய பனியில் கிராம்பான், அதாவது பூட்ஸில் மாட்டும் இரும்பு முள், நன்றாகப் பிடிக்கும், கால் புதையாது. ஆனால் இரவு உறைந்தால்தானே? நாளை இரவு மேகமூட்டம் என்கிறார்கள். உறைநிலை உயரமும், அதாவது காற்று பூஜ்ய டிகிரிக்கு இறங்கும் உயரமும், 4,300 மீட்டர், சிகரத்துக்கும் மேலே.

பெரியப்பா (ஷைனி எழுதியது), 10.03
வானம் வெளுத்துக் கிடக்கும் இரவில்தான் வள்ளத்தின் பலகையில் பனி இறங்கி நனையும். மூட்டம் போட்டால் பலகை காய்ந்து கிடக்கும். மேகம் போர்வை மாதிரி.

ஜெனி, 10.06
அதேதான். தெளிந்த வானம் என்றால் காற்று பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேல்தோல் சூட்டை விட்டு உறைந்துவிடும். மூட்டம் என்றால் சூடு வெளியேறாது. வெள்ளி இரவு மூட்டம், சனி இரவு தெளிவு. ஞாயிறும் எனக்கு விடுப்புதான், ஆனால் அன்றைக்குத் துணி துவைக்கலாம் என்று இருந்தேன்.

அம்மா, 10.07
துணி துவை.

பெரியப்பா (ஷைனி எழுதியது), 10.15
நான் கேட்க நினைத்தது வேறு. கச்சான் காற்றுக் காலத்தில் விடியற்காலை துறையில் அலை பூனை மாதிரி இருக்கும். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். திரும்பி வரும்போது அதே துறையில் அலை மூன்று ஆள் உயரம். புரண்ட வள்ளங்களில் முக்கால்வாசி அலைவாய்க்கரையில், வீட்டைப் பார்த்துக்கொண்டே புரண்டவை. ஓகி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று கடலில் இருந்தவர்களில் பலர், நல்ல கடலைப் பார்த்துவிட்டுப் பல நாள் முன்பே போனவர்கள். நீ எத்தனை மணிக்கு ஏறுவாய் என்பதை விடு. அந்தப் பனிப்பாலத்தைத் திரும்பி எத்தனை மணிக்குக் கடப்பாய்?

ஜெனி, 10.28
ரோப் காரின் முதல் வண்டி விடிந்த பிறகுதான். மேலே போய்க் கயிறு கட்டி, ஏறி, நான்கு பேரும் உச்சியைத் தொட நண்பகல் ஆகிவிடும். பாலத்துக்குத் திரும்புவது ஒன்றரை, இரண்டு மணி.

ஜெனி, 10.29
எழுதிப் பார்த்தபோதுதான் தெரிகிறது. அது வடமேற்கு முகம், வெயில் தாமதமாக வரும் என்பதையே சொல்லிச் சொல்லி நான் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணிக்கு அங்கும் வெயில்தான்.

ஆன்றோ, 10.31
தென்கிழக்கு முகட்டில் அந்தப் பலகைப் பனி?

ஜெனி, 10.40
அதற்கு வரைபடம் உதவும். 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் போட்டுக் காட்டும் வரைபடம் இங்கே கிடைக்கிறது. பலகைகள் பெரும்பாலும் 30க்கும் 45க்கும் இடைப்பட்ட சரிவில்தான் உடையும். அதைவிடச் செங்குத்தென்றால் பனி தங்குவதே குறைவு. முகட்டின் முதுகெலும்பில் பாறையைப் பிடித்துப் போனால் அந்த நிறத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம், உச்சிக்குக் கீழே வெள்ளையாக இருக்கும் கடைசித் துண்டைத் தவிர. இன்னொரு தொல்லை, பகலில் உருகிய பனிநீர் இரவில் பாறைமேல் கண்ணாடி போல உறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கைவைத்தால் வழுக்கும். ஆனால் விடியற்காலை வெயில் முதலில் விழுவது தென்கிழக்கில்தான், ஏழு மணிக்குள் அது போய்விடும் என்று நம்புகிறேன்.

அம்மா, 10.41
நம்புகிறாயா, தெரியுமா?

ஜெனி, 10.44
குடில் காப்பாளரை நாளை காலை தொலைபேசியில் கேட்பேன். தாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கை குளிர்காலத்தில் தினமும் வரும், கோடையில் பெரிய பனி விழுந்தால் மட்டும் வரும். மற்ற நாள்களில் அங்கே குடியிருப்பவரின் கண்தான் அறிக்கை.

வெள்ளி

ஜெனி, பகல் 1.50
காப்பாளர் சொன்னார்: நேற்று போன இருவர் முகடு தொடங்கும் கணவாய் வரை முழங்கால் புதைந்து திரும்பினார்களாம். சனி வேண்டாம், ஞாயிறு பார் என்றார். தோழிகள் இருவர் விலகிவிட்டார்கள். நானும் ஒருத்தியும் சனி மாலை குடிலுக்குப் போகிறோம்.

அம்மா, 1.52
துணி?

ஞாயிறு

ஜெனி, காலை 8.20
கணவாயில் 3,268 மீட்டரில் நிற்கிறோம். இரவு முழுக்க நட்சத்திரம். பனி ஓடு போல இறுகியிருக்கிறது, பூட்ஸ் தடமே பதியவில்லை. இங்கே இன்னும் ஐந்து மணி ஆகவில்லை. மேலே போகிறோம்.

ஆன்றோ, 8.21
நாங்கள் பூசைக்குப் போகிறோம்.

ஜெனி, மதியம் 1.35
குடிலுக்குத் திரும்பிவிட்டோம். உச்சி தொடவில்லை. பாறை முழுவதும் நன்றாக இருந்தது. வெள்ளைத் துண்டு தொடங்கும் இடத்தில் நான் குத்திய கோடரியின் அருகிலிருந்து ஒரு விரிசல் ஓடியது, ஏறக்குறைய பத்து அடி. காலடியில் பொத்தென்று ஒரு சத்தம், பொந்துத் தரையில் நடப்பது போல. உச்சி கண்ணுக்கு எட்டிய தூரம். அரை மணி நேரம் இருந்திருந்தால் போதும். தோழி அழுதேவிட்டாள். இறங்கிவிட்டோம்.

அம்மா, 1.36
மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டேன்.

பெரியப்பா (ஷைனி எழுதியது), 1.41
திரும்பும்போது கணவாயில் கால் எவ்வளவு புதைந்தது?

ஜெனி, 1.43
கணுக்கால். ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் முழங்கால்.

ஷைனி, 1.50
அக்கா, நீ அனுப்பிய விரிசல் படத்தை அப்பா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். ஐஸ் கட்டியை அச்சிலிருந்து சூட்டோடு கழற்றினால் இப்படித்தான் வெடிக்கும் என்கிறார். அடுத்த வாரம் வடமேற்குக் காற்று இல்லாவிட்டால் அவருக்குச் சொல்ல வேண்டுமாம்.

ஜெனி, 1.54
அடுத்த வாரம் எனக்கு இரவுப் பணி, பெரியப்பா. ஜூலையில் பார்க்கலாம்.

அம்மா, 1.55
ஜூலையில் யாரும் எதையும் பார்க்க வேண்டாம்.