பண்ணையப் பல்லுயிர்த் தொடர்காணல்: ‘கண்காணிப்பு’ என்ற சொல்லை மாற்றலாமா?

வணக்கம்.

விவசாய நிலத்தில் இருக்கும் பறவை, பூச்சி, செடிகொடிகளைத் தொடர்ந்து எண்ணிவந்து, அந்தக் கணக்கை வைத்து வேளாண் கொள்கையைத் திருத்தும் முறைக்கு ‘வேளாண் பல்லுயிர்ப் பெருக்கக் கண்காணிப்பு’ என்று இந்தக் கலைச்சொல் பட்டியலில் முன்மொழிந்திருந்தார்கள். இலக்கணத்தில் குறை இல்லை. ஆனால் போன வாரம் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்தச் சொல்லைப் போட்டு எழுதிய துண்டறிக்கையைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தோட்டக்கார அம்மா கேட்டார்: “ஏனுங் தம்பி, கிளுவ வேலிய வெட்டுனா கேசு போடறதுக்குங்களா?”

அவர் கேட்டது நியாயம்தான். கண்காணிப்பு என்றால் டவுனில் கேமரா, வால்பாறை எஸ்டேட்டில் கங்காணி. யாராவது தப்புச் செய்வார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு பார்க்கிற பார்வை அது. நாம் சொல்லும் வேலையில் கணக்குக்கு உட்படுவது வானம்பாடியும் வண்ணத்துப்பூச்சியும். அவற்றின் வழியாகச் சோதிக்கப்படுவது அரசின் திட்டம்.

சுவிட்சர்லாந்தில் நேரடி உதவித்தொகை வாங்கும் பண்ணைகள் பொதுவாகத் தங்கள் நிலத்தில் குறைந்தது 7% பரப்பைப் பல்லுயிருக்கென ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கியதால் பலன் இருக்கிறதா என்று அறிய, 2015 முதல் நாடெங்கும் 170 இடங்களில், ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர், செடிகளையும் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பதிவு செய்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு சுற்று. பிறகு அதே இடத்துக்குத் திரும்ப வருவார்கள். ஐரோப்பா முழுவதும் 1980-இலிருந்து வயல்வெளிப் பறவைகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன என்று இன்று சொல்ல முடிவதும், யாரோ விடாமல் எண்ணிக்கொண்டே வந்ததால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-27 வேளாண் கொள்கையில், உதவித்தொகை வாங்கியவர் சொன்னபடி நிலத்தை வைத்திருக்கிறாரா என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கும் பறவை எண்ணுவதற்கும் ‘monitoring’ என்ற ஒரே சொல். தமிழில் நாம் ஏன் இரண்டையும் குழப்ப வேண்டும்? செயற்கைக்கோள் வேலைக்குக் ‘கண்காணிப்பு’ கச்சிதமாகப் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும்.

‘கணக்கெடுப்பு’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஒருமுறை எண்ணினாலும் அது கணக்கெடுப்புதான். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் வழி வந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். ஊரில் என்னென்ன இருக்கின்றன என்பதை அது சொல்லும். போன முறையைவிடக் கூடியதா, குறைந்ததா என்பதற்கு அதே தடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் மறுபடியும் போய்ப் பார்த்தாக வேண்டும். நமக்கு வேண்டிய சொல்லில் இந்தத் ‘திரும்பத் திரும்ப’ இருக்க வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: தொடர்காணல். நேர்காணல் வழக்கில் இருப்பதால் வடிவம் புதிதாக உறுத்தாது. ‘தொடர்ந்து கண்டுவருகிறோம்’ என்று வினையாகவும் புழங்கும். ‘தொடர்கவனிப்பு’ம் நல்ல சொல்தான், ஆனால் ‘கவனிப்பு’ நோயாளிக்கும் விருந்தாளிக்கும் போய்விட்டது.

அடுத்து, ‘வேளாண்’ என்று இருக்கும் முன்பகுதி. ‘விளைநிலம்’ என்றால் கொரங்காடு வெளியே போய்விடும். காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல் வளர்த்து மாடு மேய்க்கிற நிலம் அது. அங்கே ஆண்டுதோறும் விதைப்பும் அறுப்பும் இல்லை, உயிர்கள் ஏராளம். ‘வயல்’ போட்டால் எங்கள் பக்கம் பாய்ச்சல் நிலம் மட்டும்தான். மானாவாரியைக் ‘காடு’ என்போம், கிணற்றுப் பாசனம் என்றால் ‘தோட்டம்’. மூன்றையும் கொரங்காட்டையும் மாடுகன்றையும் சேர்த்துச் சொல்ல ஊரில் இருக்கும் சொல் ‘பண்ணையம்’. “பண்ணையம் எப்படிங்க போகுது?” என்றால் எல்லாமே அடக்கம். பல்லடத்தில் ‘பண்ணை’ என்றாலே கோழிப்பண்ணைதான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு சரியே; அதனால்தான் ‘பண்ணை’ என்று நிறுத்தாமல் ‘பண்ணையம்’ என்கிறேன். துல்லியப் பண்ணையம், ஒருங்கிணைந்த பண்ணையம் என்று வேளாண் எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது, மற்ற மாவட்டத்தாருக்கும் புரியும்.

இதே பட்டியலில் இருபுறமும் உயிர்வேலி உள்ள பாதைக்கு ‘புதர்வேலி வழித்தடம்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து ‘இட்டேரி’ என்று மாற்றுங்கள். கௌதாரி குஞ்சோடு ஓடி ஒளியும் அந்தத் தடத்துக்குப் பெயர் வைக்க நாம் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. பல இட்டேரிகள் தார் ரோடாகிவிட்டன, சொல்லாவது மிஞ்சட்டும்.

நேற்றுத் திருத்திய தாளோடு மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ‘பண்ணையப் பல்லுயிர்த் தொடர்காணல்’ என்பதை அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். “வருசா வருசம் வந்து பாப்பீங்களாக்கு” என்றார். அப்புறம், “முன்ன பனங்காடை எத்தன இருந்துச்சுன்னு ஆரு எழுதி வெச்சிருக்கறா?” என்று கேட்டார். ஒப்பிடுவதற்கு வேண்டிய அந்த முதல் கணக்குக்கும் பட்டியலில் சொல் இல்லை. ‘தொடக்கக் கணக்கு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக உங்கள் ஊரில் ஏதாவது சொல்வார்களா?