புதுப்பிப்பு: மகளின் உயரம் நின்றுபோனது பற்றி

9 வயது மகள் ஒரு வருடமாக உயரவே இல்லை, எப்போதும் சோர்வு, மலச்சிக்கல் என்று முன்பு எழுதியிருந்தேன். ‘சத்துக் குறைவுதான்’ என்றே பலரும் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச் மிக அதிகம், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) குறைவு. தைராய்டு போதுமான ஹார்மோனைச் சுரக்காததால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று விரட்டுகிறது. அந்த விரட்டல்தான் டி.எஸ்.எச்.

பிறந்தபோது குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்தது சரியாகத்தானே இருந்தது என்று கேட்டேன். அது பிறவியிலேயே வரும் தைராய்டு குறைபாட்டைக் கண்டுபிடிக்க. பிறகு வருவதை அதில் பார்க்க முடியாதாம். இவளுக்கு தைராய்டைக் குறிவைக்கும் டி.பி.ஓ எதிர்ப்பொருள் பாசிட்டிவ். அதாவது ஹாஷிமோட்டோ: உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில், சற்று வளர்ந்த குழந்தைகளுக்குத் தைராய்டு ஹார்மோன் குறைய இதுதான் முக்கியக் காரணமாம். நான் சமைத்ததில் குறை இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் அழுதுவிட்டேன்.

இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது அவள் வயதைவிடப் பின்தங்கியிருக்கிறது. கேட்க பயமாக இருந்தாலும், வளர இன்னும் இடமிருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

சரி, இப்போது தினமும் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் (குறையும் தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் மருந்து). இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. 6 வாரத்தில் மறுபரிசோதனை, வந்து எழுதுகிறேன்.