பானை ஓட்டில் தெமிஸ்டோக்ளிஸின் அப்பா பெயர்: கடைசி உயிர் குறிலா, நெடிலா?

பழைய கிரேக்கம் தனியாகப் படிக்கிறேன், ஒரு பெயரில் மாட்டிக்கொண்டு நகர முடியவில்லை. ஏதென்ஸில் கிடைத்த பானை ஓடு, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, ஏதென்ஸின் அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளிஸை நாடு கடத்தச் சொல்லி வாக்காகக் கீறிப் போட்டது. அவர் பெயருக்குப் பக்கத்தில் வழக்கம்போல அப்பா நியோக்ளிஸின் பெயர், ஆறாம் வேற்றுமையில். அது எப்சிலோன் (எ), ஒமிக்ரோன் (ஒ), சிக்மா (ஸ்) என்ற எழுத்துகளில் முடிகிறது.

இலக்கணப் புத்தகத்தைப் பார்த்தால் பெரிக்ளிஸ், சோஃபோக்ளிஸ் மாதிரி 'க்ளிஸ்' பெயர்களுக்கெல்லாம் (புகழ் என்ற சொல்லிலிருந்து வந்தவை) ஆறாம் வேற்றுமையில் ஒமிக்ரோனுக்குப் பிறகு உப்சிலோன் என்ற எழுத்தும் வர வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஊ என்ற நெடில். ஓட்டில் அது இல்லை. கீறிய ஆள் அவசரத்தில் விட்டிருப்பாரோ என்று வேறு ஓடுகளின் படங்களையும் பார்த்தேன், அங்கேயும் இதே கதை.

கி.மு. 403க்கு முன் ஏதென்ஸ்காரர்கள் ஒ, ஓ, ஊ மூன்றுக்கும் ஒமிக்ரோனையே எழுதினார்கள், நம் ஓலைச்சுவடிகளில் எகரமும் ஏகாரமும் ஒன்றாகத் தெரிவது போல. சரி, அப்படியானால் இது நெடில் என்று முடித்துவிடலாம். ஆனால் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் அயோனிய நடையில் (ஏதென்ஸ் பேச்சிலிருந்து வேறான கிரேக்க வட்டார வழக்கு) இதே நியோக்ளிஸின் பெயரைக் குறிலில்தான் முடிக்கிறார், அங்கேதான் குழப்பமே.

அந்த ஓட்டைக் கீறிய ஏதென்ஸ்காரர் வாயில் கடைசி உயிர் குறிலா, நெடிலா, அதை எதை வைத்து முடிவு செய்வது?